பஸ்ரியாம்பிள்ளை உயிரோடு இருப்பதற்கான ஆதாரம்

பஸ்ரியாம்பிள்ளை செத்துக் கிடந்த அன்று மத்தியானத்துக்குள் மூன்று பிளேன்ரீ குடித்துவிட்டார். பெட்டிக்குள்ளேயே எழுந்து உட்கார்ந்து, மூக்கில் வைத்த பஞ்சை எடுத்து மடியில் போட்டுவிட்டு, பனங்கட்டியைக் கடித்துக் கடித்துக் குடித்தார். முடிந்ததும் பஞ்சைத் திரும்பச் செருகிக்கொண்டு சாய்ந்தார். சுற்றியிருந்த பெண்கள் விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியைத் தொடர்ந்தார்கள். நான் ஊர்காவற்றுறையில் பிறப்பு இறப்புப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தீவுப்பகுதியில் பாதிச் சனத்தை என் பேனையால்தான் மேலே அனுப்பினேன் என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை. அப்படிப்பட்ட நானே இவ்வளவு ஆரோக்கியமான ஒரு சாவைக் கண்டதில்லை.

எல்லாம் ஒரு படத்துக்காக. லண்டனில் சினிமா படித்த ஜெனுஷன் என்ற இயக்குநர் எங்கள் கரையில் வந்து இறங்கியிருந்தார். உச்சியில் ஒரு கொண்டை, கொண்டைக்கு மேலே ஒரு கறுப்புக் கண்ணாடி. அந்தக் கண்ணாடி கண்ணுக்கு இறங்கி வந்ததை ஒருவரும் கண்டதில்லை. படத்தின் பெயர் ‘மெய்யின் பொய்யின் மெய்’. நான் அதை வேகமாகச் சொல்லிப் பார்த்தேன். கட்டுப்பல் கழன்று கையில் வந்தது.

“கதை என்ன தம்பி?” என்று கேட்டேன்.

“ஒருத்தன் வெளிநாட்டில இருந்து தகப்பன்ரை செத்தவீட்டுக்கு வாறான், அங்கிள். வந்து பாத்தா எல்லாரும் நடிக்கிற மாதிரி இருக்கு. தகப்பன் செத்தது மெய்யோ? ஊர் மெய்யோ? கடைசியில தான் மெய்யோ எண்டே அவனுக்குச் சந்தேகம் வந்திடுது.”

“வந்து?”

“அவ்வளவுதான். சந்தேகத்தோடை முடியுது. பாக்கிற சனமும் சந்தேகத்தோடை வீட்டை போகவேணும்.”

“பஸ் வருமோ வராதோ எண்ட சந்தேகத்தோடைதான் இஞ்சை சனம் ஒவ்வொரு நாளும் வீட்டை போகுது. அதுக்கு ஏன் தம்பி ஒரு படம்?”

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அறியாத பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. பாவம், நான் இந்த இனத்துப் படங்களைக் கடலளவு பார்த்தவன் என்று அவருக்குத் தெரியாது. மகள் அனுப்பிய ரப்லெற்றில் ஓய்வூதியக்காரனுக்கு வேறு என்ன வேலை? எல்லாம் ஒரே சமையல்தான். முதலில் கதாநாயகன் கண்ணாடியில் முகம் பார்ப்பான். கண்ணாடிக்குள் இருப்பவன் கொஞ்சம் பிந்திச் சிரிப்பான். பிறகு திடுக்கிட்டு எழும்புவான், கனவு. அந்த எழும்பினதும் கனவு. அதிலிருந்து எழும்பினால் அதுவும் கனவு. இப்படி எழும்பி எழும்பியே அவன் களைத்துப் படுக்கும்போது, உலகம் முழுவதும் எவனோ ஒருவனின் கணினிக்குள் இருக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள். சுவர், வானம், பெண்சாதி, எல்லாவற்றையும் சந்தேகிப்பார்கள். பசியைச் சந்தேகித்த கதாநாயகனை மட்டும் நான் இன்றுவரை ஒரு படத்திலும் காணவில்லை. வீட்டு வாடகை கொடுத்து, வயிறு நிறைந்து, செய்வதற்கு ஒன்றுமில்லாமல் கதிரையில் சாய்ந்திருப்பவனுக்குத்தான் உலகம் மெய்யா என்ற கேள்வி வருகிறது. அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு எவனும் ஒரு மீன்வாடிக்குள் நுழைந்ததில்லை.

ஜெனுஷன் நுழைந்தார். அதுதான் வினை.

பிணமாக நடிக்க அவர் தேர்ந்தது என் பக்கத்து வீட்டுப் பஸ்ரியாம்பிள்ளையை. நாங்கள் பஸ்ரியர் என்போம். சின்ன வயது முதல் கடலில் கிடந்து வெயிலில் வற்றிய உடம்பு. உயிரோடு இருக்கும்போதே பாதி வேலை முடிந்த முகம். எனக்கும் ஒரு பாத்திரம் கிடைத்தது. நான் ‘காலம்’. கடற்கரையில் கமெராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதிரையில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். “அசையக்கூடாது அங்கிள், காலம் அசையாது” என்றார் ஜெனுஷன். அந்த அளவில் அவர் காலத்தை அறிந்திருந்தார்.

செத்தவீடு உண்மை மாதிரி இருக்கவேண்டும் என்பது அவருடைய விரதம். கோயில் மணியைத் துக்கத்துக்கு அடிக்கச் சுவாமியாரைக் கேட்டார். சுவாமியார் வாசலைக் காட்டினார். அதற்காக விட்டாரா? எங்கோ பதிந்த துக்கமணியை ஒலிபெருக்கியில் போட்டார். எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஊரில் சாவென்றால் அன்று ஒருவரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். விடியப் புறப்பட்ட வள்ளமெல்லாம் மணிச் சத்தம் கேட்டுத் திரும்பி வந்தன. காரைநகர்ப் பக்கத்து வள்ளங்களும் திரும்பின என்று நான் சொல்லுவேன், மறுப்பவர்கள் மறுக்கட்டும். கரைக்கு வந்தவர்கள் செத்தது பஸ்ரியர் என்றறிந்து ஓடிவந்து, பெட்டிக்குள் அவர் கொட்டாவி விடுவதைக் கண்டு, ஜெனுஷனை அடிப்பதா விடுவதா என்று ஆலோசித்து, தொழில்தான் போய்விட்டதே என்று இருந்து அழுதுவிட்டுப் போனார்கள். ஜெனுஷனுக்குப் பரம சந்தோசம். செலவில்லாமல் சனம்.

சந்தியில் ஒரு கண்ணீர் அஞ்சலிப் பதாகையும் கட்டினார். பஸ்ரியரின் படம், மாலை, மெழுகுதிரி, ‘கடலன்னை மடியில் வளர்ந்தவரே’ என்று ஒரு கவிதை. யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் இருந்த யாரோ ஒரு புண்ணியவான் அதைப் படம் எடுத்து ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று பேஸ்புக்கில் போட்டுவிட்டார். கீழே அஞ்சலி குவிந்தது. பஸ்ரியர் பெட்டிக்குள் கிடந்தபடி ஒவ்வொன்றாக என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

“வைத்தி அண்ணை, உவன் சவிரிமுத்து என்ன எழுதியிருக்கிறான்?”

“நீர் ஒரு ஈரநெஞ்சுக்காரனாம்.”

“என்ரை வலையை வெட்டி விட்டவன் அண்ணை உவன்! செத்தாத்தான் என்னைப் பிடிக்குமெண்டா இனி எழும்பக்கூடாது போல.”

அந்த அஞ்சலியைப் பாரிசில் இன்னொருவனும் பார்த்தான். பஸ்ரியரின் ஒரே மகன் றெக்ஷன்.

இங்கே அவனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பல வருடங்களுக்கு முன் ஒரு நாள் அவனை ஒரு வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவன் யாரோடும் கதைக்கவில்லை. பிறகு எப்படியோ பாரிஸ் போய்ச் சேர்ந்தான். ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு, அகதியாக ஏற்கும்படி கேட்டு வழக்காடிக்கொண்டிருக்கிறான். ஒருதரம் மறுத்துவிட்டார்கள். மேல்முறையீட்டு விசாரணை அடுத்த மாதம். ஊருக்குப் போக ஏலாது, போனால் ஆபத்து என்பதுதான் அவன் வழக்கே. ஊருக்கு வரவேண்டும் என்று எங்கள் தூதரகத்தின் படியில் அவன் கால் வைத்தாலே போதும், வழக்கு அந்தப் படியிலேயே செத்துவிடும். அதைப் பதிய என்னைப் போல ஒரு பதிவாளர்கூடத் தேவையில்லை.

மத்தியானம் தொலைபேசி அடித்தபோது கமெரா ஓடிக்கொண்டிருந்தது. எடுத்தது பஸ்ரியரின் மனைவி அல்போன்சம்மா. “இன்னொருக்கா அன்ரி, இன்னும் ஆழமா” என்று ஜெனுஷன் கேட்கக் கேட்கக் காலையிலிருந்து அழுது அவவின் தொண்டை அடைத்துப்போயிருந்தது.

“அம்மா, அப்பா எங்கை?”

“அப்பா படுத்திருக்கிறார் மோனை.”

“எழுப்புங்கோ.”

“இப்ப எழுப்ப ஏலாது.”

“ஏன் ஏலாது?”

ஜெனுஷன் கமெராவுக்குப் பின்னால் நின்று, அசையவேண்டாம், கதைக்கவேண்டாம் என்று இரண்டு கையாலும் கும்பிட்டார். அல்போன்சம்மா தடுமாறினா.

“அவர் நல்லா இருக்கிறார். நீ ஒண்டுக்கும் யோசியாதை. சாப்பிட்டனியோ?”

பின்னால் பெண்கள், “என்னை விட்டுப் போனியோ ராசா” என்று நயினாதீவுக்குக் கேட்கும்படி இழுத்தார்கள். மறுமுனை வெட்டுப்பட்டது.

எங்கள் சனத்தைத் தெரியாதவர்களுக்கு இதில் என்ன பிழை என்று விளங்காது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு நாங்கள் சாவை நேரே சொல்லுவதில்லை. முதலில் கொஞ்சம் காய்ச்சல் என்போம். பிறகு ஆசுப்பத்திரி. பிறகு படுத்திருக்கிறார், எழுப்ப ஏலாது. அல்போன்சம்மாவின் தமையன் செத்தபோது, றெக்ஷனின் முதல் விசாரணை முடியட்டும் என்று ஒரு மாதமாக அவரை நித்திரையில் வைத்திருந்தார்கள். மனுசனை அடக்கம் பண்ணி, கல்லறைக்கு வெள்ளையும் அடித்த பிறகும், “மாமா இப்பத்தான் கண்ணயர்ந்தவர்” என்றுதான் அவனுக்குப் பதில். ஆகவே ‘நல்லா இருக்கிறார், யோசியாதை’ என்று ஒரு தீவுக்காரி தொலைபேசியில் சொன்னால் அதன் பொருள் ஒன்றுதான்.

றெக்ஷனிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. “நாளைக்கு எம்பசிக்குப் போறன். வழக்கு என்னவும் ஆகட்டும். அப்பான்ரை முகத்தை ஒருக்காப் பாக்கவேணும். பெட்டியை மூடவேண்டாம்.”

பஸ்ரியர் பெட்டிக்குள்ளிருந்து பாய்ந்தார். அந்த வயதில் ஒருவர் அப்படிப் பாய்ந்து நான் கண்டதில்லை. ஒரு காலில் வெள்ளைக் காலுறை, மற்றக் காலில் மலர்வளையம். “போடு வீடியோவை! அவனுக்கு என்ரை மூஞ்சையைக் காட்டு!”

காட்டினோம். அதுதான் அடுத்த பிழை. பிணத்துக்குப் பூசிய மாவும் சொண்டுச் சாயமும் அப்படியே இருந்தன. போதாததற்கு எங்கள் கரையின் சிக்னல். படம் நின்று நின்று வந்தது. வாய் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்.

“மோனை, இஞ்சை பார், நான்தான்!”

றெக்ஷன் திரையில் சின்னதாகத் தெரிந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன. அவன் தகப்பனைப் பார்த்தான். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

“ஆர் செய்தது உதை?” என்று கேட்டான். “படத்தை வைச்சுக் கதைக்கப் பண்ணுற கம்பியூட்டர் வேலைதானே? வாய் பொருந்தேல்லை. நான் எம்பசிக்குப் போகாமல் இருக்கவேணுமெண்டு செய்யிறீங்கள். எனக்கு விளங்குது. ஆனா உப்பிடிச் செய்யாதேங்கோ. பாவம்.”

“படம்தான் மோனை, சினிமாப் படம் எடுக்கினம்!” என்று அல்போன்சம்மா கத்தினா. “அப்பா அதிலை செத்தவராய் நடிக்கிறார்!”

“மாமா செத்ததுக்கும் ஒரு கதை சொன்னனீங்கள் அம்மா. இது அதைவிட நல்ல கதை.”

இனி ஒரு உத்தியோகத்தர் தலையிட்டால்தான் சரி என்று நான் தொலைபேசியை வாங்கினேன். தொண்டையைச் செருமி, அலுவலகக் குரலை வரவழைத்து, “தம்பி றெக்ஷன், நான் பதிவாளர் வைத்திலிங்கம் கதைக்கிறன். உம்முடைய தகப்பனார்…” என்று தொடங்கினேன். அவ்வளவுதான். அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினான்.

“பதிவாளர் ஐயாவும் வந்திட்டாரோ? அப்ப பதிஞ்சும் முடிஞ்சுதோ?”

“நான் ஓய்வு பெற்றிட்டன் தம்பி!”

அந்தத் தகவல் அவனுக்கு ஒரு ஆறுதலும் தரவில்லை. நான் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தேன். முப்பது வருட சேவையிலும் அதற்குப் பிறகும் நான் ஒரு உயிருள்ள மனிதனைக் கொன்றது அன்று மட்டும்தான்.

இந்த இடத்தில் மெய்பொய் நிபுணர் ஜெனுஷன் முன்னுக்கு வந்தார். “அங்கிள், இது நம்பகத்தன்மைப் பிரச்சினை. லைற்றிங் சரியில்லை. என்னட்டை விடுங்கோ” என்றார். பஸ்ரியரின் முகத்தைக் கழுவித் திரும்பவும் பூசினார், இந்தமுறை உயிருள்ள நிறம். பின்னால் ஒரு நீலச் சீலை. முன்னால் இரண்டு பெரிய விளக்கு. பஸ்ரியர் பெருநாள் சுரூபம் மாதிரி ஒளிவீசினார். அதைக் கண்ட றெக்ஷன், “இப்ப இன்னும் மோசமாயிருக்கு” என்றான்.

“தம்பி கேள்வி கேக்கட்டும்,” என்றார் ஜெனுஷன். “உங்களுக்கு மட்டும் தெரிஞ்சதை.”

அவன் கேட்டான். “என்ரை பிறந்தநாள் எப்ப?”

பஸ்ரியர் திருதிருவென்று விழித்தார். அல்போன்சம்மா ஜெனுஷனின் காதுக்குள் சொல்ல, ஜெனுஷன் காட்போட் மட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி விளக்குக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார். பஸ்ரியர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இழுத்து வாசித்தார்: “ஐப்பசி… பன்னிரண்டு.”

“எனக்கு ஓஎல் சோதினையிலை எந்தப் பாடம் திறம்?”

மட்டை. “விஞ்… ஞானம்.”

“என்ரை ஞானத்தாய் ஆர்?”

மட்டை. “மேரிஜோசப்பின்.”

றெக்ஷன் அழுகையை நிறுத்திவிட்டான். அவன் குரல் வறண்டிருந்தது.

“அப்பாவுக்கு என்ரை பிறந்தநாள் ஒருநாளும் தெரியாது. நான் என்ன படிச்சனான் எண்டும் தெரியாது. உங்கடை ஆள் ஒரு பிழையும் விடேல்லை. எல்லாம் சரியாச் சொன்னா அது சொல்லிக்குடுத்தது. இஞ்சை என்னட்டையும் அப்பிடித்தான் சொன்னவங்கள்.”

மட்டை தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. ஜெனுஷன் அடுத்த கேள்விக்குக் காத்திருந்தார். பஸ்ரியர் மட்டையைப் பார்க்கவில்லை. திரைக்குக் கிட்டக் குனிந்தார். விளக்கு வெளிச்சத்தை விட்டு முகம் விலகிவிட்டது.

“ஆர் அப்பிடிச் சொன்னவங்கள்?”

றெக்ஷன் கண்ணைத் துடைத்தான்.

“உன்னைத்தான் மோனை கேக்கிறன். ஆர்?”

“அகதி வழக்கிலை என்னை விசாரிச்சவங்கள்.”

“உன்னையும் உப்பிடியோ கேட்டவங்கள்? பிறந்தநாள், பள்ளிக்கூடம் எண்டு?”

“வாகனம் என்ன நிறம் எண்டு கேட்டவங்கள். எத்தினை படி இறங்கினனீர் எண்டு கேட்டவங்கள். கண்ணைக் கட்டியிருந்தது, தெரியாது எண்டன். தெரியாட்டி நீர் அங்கை போகேல்லை எண்டாங்கள். அடுத்தமுறை எல்லாம் ஒழுங்காச் சொன்னன். ஆரோ சொல்லித்தந்தது எண்டு எழுதிப்போட்டாங்கள்.”

“முதுகுத் தழும்பைக் காட்டினனியோ?”

“காட்டினனான்.”

“காட்டியுமோ?”

“அது வேறை என்னத்தாலையும் வந்திருக்கலாமாம்.”

இத்தனை வருடத்தில் பஸ்ரியர் மகனோடு கதைத்ததெல்லாம் எனக்கு வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டதுதான்: அங்கை குளிரோ, இஞ்சை காத்து, றால் படேல்லை, சரி வை. வழக்கைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. மகனும் சொன்னதில்லை. பாரிசில் மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் கேட்ட கேள்விகளை இங்கே இந்த மனுசன் கேட்க இரண்டு விளக்கும் மூன்று மட்டையும் தேவைப்பட்டிருக்கின்றன.

“எனக்கு உதெல்லாம் தெரியாது மோனை,” என்றார். “நீ வந்து நிண்ட அண்டைக்கு நான் உன்ரை முதுகைப் பாக்கேல்லை. பயமாயிருந்தது. அம்மாதான் எண்ணெய் போட்டவ. நான் வலை தெரியிறன், சிக்கெடுக்கிறன் எண்டு வெளியாலை போயிட்டன்.”

ஜெனுஷன் அவசரமாக ஒரு மட்டையில் ஏதோ எழுதத் தொடங்கினார். அல்போன்சம்மா அதைப் பறித்துத் தன் சீலைக்குக் கீழே வைத்துக்கொண்டு அதன்மேல் இருந்துவிட்டா.

“நீங்கள் வலை தெரியேல்லை,” என்றான் றெக்ஷன். குரல் மாறியிருந்தது. “அண்டைக்கு வலை ஒண்டும் வெளியிலை இல்லை. நான் ஜன்னலாலை பாத்துக்கொண்டிருந்தனான். நீங்கள் சும்மா நிண்டனீங்கள்.”

“ஓம். சும்மாதான் நிண்டனான்.”

“அப்பா.”

“சொல்லு.”

“முகத்திலை என்ன கறுமத்தைப் பூசியிருக்கிறீங்கள்?”

அல்போன்சம்மா அன்று எட்டாவது தரம் அழுதா. அதற்கு முந்தின ஏழையும் ஜெனுஷன் படம் பிடித்தார். எட்டாவது அவ்வளவு நல்லாய் இருக்கவில்லை. மூக்கால் வேறு வடிந்தது, முகம் ஒரு பக்கம் கோணிப்போனது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் ஒலிபெருக்கியின் வயரை ஆராய்ந்தேன்.

எல்லாம் கொஞ்சம் அடங்கியது. அப்போதுதான் ஜெனுஷனுக்கு மூச்சு வந்தது. கண்ணில் நீர் பளபளக்க, கொண்டை ஆட, கிட்ட வந்தார்.

“அங்கிள், இதைத்தான் நான் படம் முழுக்கத் தேடினனான். இதுதான் றியாலிற்றி! ஒரு சின்ன உதவி. கடைசியாக் கேட்ட கேள்வியளை இன்னொருக்காக் கேக்கிறீங்களோ? குனிஞ்சதிலை உங்கடை முகத்திலை நிழல் விழுந்திட்டுது. தம்பியும் அதே மாதிரி மறுமொழி சொன்னாச் சரி.”

அந்தத் துணிவை நான் மெச்சுகிறேன். ஊர் முழுவதும் பொய்யா என்று சந்தேகிக்கத் தெரிந்த மனுசனுக்கு, தான் இப்போது அடி வாங்கப்போகிறேனா என்ற சந்தேகம் மட்டும் வரவில்லை.

பஸ்ரியர் அடிக்கவில்லை. சாரத்தின் தலைப்பால் முகத்து மாவைத் துடைத்தார். துடைக்கத் துடைக்கப் பழைய கறுப்பு வெளியே வந்தது.

“அவன் ஒருக்காச் சொல்லிப்போட்டான் தம்பி,” என்றார். “ஒருத்தனை எத்தினை தரம் கேக்கிறது?”

இரண்டு விளக்கையும் அவரே அணைத்தார். திரையில் றெக்ஷன் ஒரு கையால் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தான்.

“அப்பா, வைக்கிறன். நேரம் போயிட்டுது.”

“எங்கை போறாய்?” பஸ்ரியர் இரண்டு கையாலும் தொலைபேசியைப் பிடித்தார். “எம்பசிக்கோ?”

“இல்லை. வேலைக்கு.”